விடை எழுதாமலே திறந்த பூட்டு

ஆசிரியர்களுக்கு டிஜிட்டல் எஸ்கேப் ரூம் (புதிர்களுக்கு விடை கண்டுபிடித்து, பூட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து வெளியேறும் கணினி விளையாட்டு) செய்யக் கற்றுக்கொடுத்த முதல் பயிற்சியில், கூகுள் ஃபார்ம்ஸ் என்ற இணையப் படிவத்தில் அவர்கள் அமைத்த பூட்டுகள், அதாவது சரியான விடை எழுதினால்தான் அடுத்த பக்கம் போகவிட வேண்டிய கேள்விகள், விடை எழுதாமலே திறந்துகொண்டன. விடைச் சரிபார்ப்பைப் போட்டிருந்தோம். கேள்வியைக் கட்டாயமாக்க மறந்துவிட்டோம். காலியாக விட்டால் சரிபார்ப்பு நடக்காது. கட்டாயமாக்கியதும் சரியானது.

அப்புறம் எதிர்ச் சிக்கல். எழுத்துப்பிழை, கூடுதல் இடைவெளி என்று சரியான விடைக்கும் பூட்டு திறக்கவில்லை. விடைகளை எண்ணாக மாற்றச் சொன்னேன்: குளுக்கோஸில் உள்ள கார்பன், ஹைட்ரஜன், ஆக்சிஜன் அணுக்களை எண்ணி வரிசையாக எழுதினால் 6126. பிழைச் செய்தியில் ‘தவறு’ என்பதற்குப் பதிலாக ஒரு துப்பு எழுத வைத்தேன். எனக்கு மிகவும் பிடித்த மாற்றம் அதுதான்; மாட்டிக்கொண்ட மாணவர் அங்கேயே மறுபடி யோசிக்கிறார்.

இப்போதெல்லாம் ஒருவர் செய்த அறையை இன்னொருவர் முதலில் காலி விடையோடு சோதிக்கிறார்.