முட்டி வலிக்கு ஊசி போடப் போறீங்களா? முன்னாடியே கேட்டுக்க வேண்டியது
மூட்டு தேய்மானத்துக்கு ஊசின்னா அது ஒரே ஊசி இல்லங்க. டாக்டர் "ஊசி போட்டுடலாம்"னு சொன்னதும் தலையாட்டிடாம, ஸ்டீராய்டா (வீக்கம், வலி குறைக்கற மருந்து), ஜெல்லா (மூட்டுக்குள்ள வழவழப்புக்குப் போடறது), பிஆர்பியா (நம்ம ரத்தத்துல இருந்தே எடுக்கறது) அப்படின்னு கேட்டு சீட்டுல எழுதி வாங்கிக்குங்க. தேஞ்ச ஜவ்வை (எலும்பு முனையை மூடியிருக்கற குருத்தெலும்பை) இதுல எதுவும் திரும்ப பழையபடி ஆக்காது, வலியைக் குறைக்கத்தான்.

முட்டி வீங்கி, தொட்டா சுடுது, ராத்திரி தூக்கமே இல்லன்னா ஸ்டீராய்டு நல்லா கேக்கும். செலவும் கம்மி. சில நாள்ல வலி இறங்கும், சில வாரம் தாங்கும், சிலருக்கு மூணு மாசம் வரைக்கும் போகும். ஆனா நல்லா இருக்கேன்னு அடிக்கடி போட்டுக்காதீங்க, நடுவுல மூணு மாசமாவது கேப் வேணும். அப்படி கேப் விட்டாலும் தொடர்ந்து போட்டுட்டே இருக்கறது நல்லதில்ல: 2017ல அமெரிக்காவுல வந்த ஒரு ஆய்வுல ரெண்டு வருஷம் மூணு மாசத்துக்கு ஒரு தடவை ஸ்டீராய்டு போட்டவங்களுக்கு, மருந்தில்லாம வெறும் சலைன் (உப்புத் தண்ணி) போட்டவங்களை விட ஜவ்வு அதிகமா தேஞ்சிருந்துச்சு, வலியிலயும் பெருசா வித்தியாசம் இல்ல.

சுகர் இருக்கறவங்க இதை நல்லா கவனிங்க. ஸ்டீராய்டு ஊசி போட்டா சில நாளைக்கு சுகர் ஏறும், அதனால ஊசிக்கு முன்னாடியே உங்க சுகர் டாக்டர்கிட்ட சொல்லி, ஏறினா மாத்திரை இன்சுலினை என்ன பண்ணணும்னு கேட்டு வச்சுக்குங்க, அந்த ஒரு வாரம் வீட்டு மெஷின்ல தினமும் பாருங்க. எங்கம்மாவுக்கு போட்டப்ப இதை யாருமே எங்ககிட்ட சொல்லல, மறுநாள் மெஷின்ல நம்பரைப் பாத்து வீடே பதறிப்போச்சு.

ஜெல் ஊசி விலை அதிகம், சிலருக்கு கேக்குது, ஆனா எல்லாருக்கும் வழக்கமா போட வேணாம்னுதான் அமெரிக்க எலும்பு டாக்டர்கள் சங்கம் 2021ல சொல்லிருக்கு. சில ஜெல் சேவல் கொண்டையில இருந்து எடுக்கறது, கோழி முட்டை அலர்ஜி இருந்தா சொல்லிடுங்க. பிஆர்பின்னா நம்ம ரத்தத்தையே எடுத்து மெஷின்ல சுத்தி, பிளேட்லெட் (ரத்தம் உறைய வைக்கற அணு) அதிகமா இருக்கற பகுதியைப் பிரிச்சு முட்டியில போடறது. ஆஸ்திரேலியாவுல 288 பேர்கிட்ட பாத்தாங்க, ஒரு வருஷம் கழிச்சு சலைன் ஊசிக்கும் இதுக்கும் வலியில பெருசா வித்தியாசம் வரல. கடன் வாங்கி இதைப் போட்டுக்காதீங்க, அந்தக் காசை பிசியோதெரபிக்கு குடுங்க.

ஊசி அன்னைக்கு காய்ச்சலோ, முட்டி மேல புண்ணு கொப்புளமோ இருந்தா தள்ளிப் போடுங்க. ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிட்டா சொல்லுங்க, நீங்களா நிறுத்தாதீங்க. முட்டியில நீர் கோத்திருந்தா முதல்ல அதை உறிஞ்சி எடுப்பாங்க, வைக்கோல் கலர்ல வரும், பயப்படாதீங்க. ஒண்ணு ரெண்டு நாள் வலி கூடினா ஐஸ் ஒத்தடம் போதும், எண்ணெய் தேச்சு உருவ வேணாம். ஆனா காய்ச்சல், முட்டி செவந்து வீக்கம், மடக்கவே முடியலன்னா விடியட்டும்னு இருக்காம அப்பவே கேஷுவாலிட்டிக்கு ஓடுங்க, உள்ள சீழ் பிடிச்சிருக்கலாம்.

வலி குறைஞ்ச அந்த சில வாரம்தான் உங்களுக்கு கிடைச்ச டைம், அதை வீணாக்காதீங்க. டவலை சுருட்டி முட்டிக்கு அடியில வச்சு, தொடையை இறுக்கி கீழ அமுக்கி அஞ்சு செகண்ட் பிடிங்க, பத்து தடவை, காலைல சாயங்காலம். ஒரு கிலோ எடை குறைஞ்சாலே ஒவ்வொரு அடிக்கும் முட்டி மேல சுமார் நாலு கிலோ பாரம் இறங்கும்.

முட்டி மாத்துற ஆபரேஷன் சீக்கிரம் பண்ற யோசனை இருந்தா, ஊசிக்கு முன்னாடியே அந்த சர்ஜன்கிட்ட சொல்லுங்க, ஊசி போட்டு மூணு மாசத்துக்குள்ள ஆபரேஷன் பண்ணினா இன்ஃபெக்ஷன் ஆபத்து கூடுது.