இத்தனை வருஷமா ஒன்றும் ஆகவில்லையே! வண்டி ஓட்டுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

உலகம் முழுக்க ஆண்டுக்குச் சுமார் 11.9 லட்சம் பேர் சாலை விபத்துகளில் இறக்கிறார்கள் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. 5 முதல் 29 வயது வரை உள்ளவர்களின் சாவுக்கு முதல் காரணமே இதுதான். குடித்துவிட்டுக் கண்மண் தெரியாமல் ஓட்டுகிறவர்களால்தான் இதெல்லாம் என்று நினைத்துக்கொள்வது வசதியாக இருக்கும். ஆனால் என்னையும் உங்களையும் போல 'நன்றாக ஓட்டுகிறவர்கள்' தினமும் செய்கிற தவறுகள் பல உண்டு. செய்தும் ஒன்றும் ஆகாமல் வீடு வந்து சேர்ந்துவிடுவதால், அவை தவறு என்றே நமக்குத் தோன்றுவதில்லை.

முதலாவது, 'பத்து கிலோமீட்டர் கூடப் போனால் என்ன?' கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்க்கலாம். காய்ந்த சாலை, நல்ல டயர், ஆபத்தைக் கண்ட ஒரு நொடியில் பிரேக்கை மிதித்துவிடுகிற ஓட்டுநர். மணிக்கு 50 கிலோமீட்டரில் வரும் கார், ஏறத்தாழ 28 மீட்டரில் நின்றுவிடும். அதே 28 மீட்டர் தூரத்தில் ஒரு குழந்தை சாலைக்குள் ஓடி வருகிறது என்று வையுங்கள். 50-இல் வந்தவர் குழந்தைக்கு முன்னால் நின்று, பெருமூச்சு விட்டு, நாலு திட்டு திட்டிவிட்டுப் போவார். 60-இல் வந்தவர் குழந்தையைத் தொடும்போது அவர் வண்டி இன்னும் 40-ஐ ஒட்டிய வேகத்தில் இருக்கும். பிரேக்கில் கால் வைப்பதற்குள்ளேயே 17 மீட்டர் போயிருக்கும், பிரேக் பிடித்தபின் நிற்கத் தேவையான தூரமோ வேகத்தின் வர்க்கமாக ஏறும், அதாவது வேகம் இரண்டு மடங்கானால் தூரம் நாலு மடங்கு. இவ்வளவுக்கும், 10 கிலோமீட்டர் பயணத்தில் அவர் மிச்சம் பிடித்தது இரண்டே நிமிஷம்.

முன்னால் போகிற வண்டியை ஒட்டிக்கொண்டு போவதும் இதே கணக்குதான். குறைந்தது இரண்டு நொடி இடைவெளி, மழையில் அதைப் போல இரண்டு மடங்கு.

பின்சீட்டுக்கு பெல்ட் எதற்கு என்பது அடுத்தது. மூன்று முனை சீட் பெல்ட் 1959-இலேயே கார்களில் வந்துவிட்டது. பின்சீட்டுக்காரர்கள் இன்னும் அதைக் குஷனுக்கு அடியில் செருகி வைக்கிறார்கள். 50-இல் மோதுவது ஏறத்தாழ 10 மீட்டர் உயரத்திலிருந்து, அதாவது மூன்றாவது மாடியிலிருந்து, விழுவதற்குச் சமம். பின்னால் பெல்ட் போடாதவர் அந்த வேகத்தில் முன்சீட்டின் மேல் போய் மோதுவார். பெல்ட் போட்டிருந்த முன்சீட்டுக்காரரும் சேர்ந்து நசுங்குவார். மடியில் குழந்தையை இறுக்கிப் பிடித்துக்கொள்கிறேன் என்பவர்களும் மூன்றாவது மாடியை ஒருமுறை நினைத்துப் பார்க்கலாம். எவ்வளவு அன்பிருந்தாலும் அந்த விசையைக் கைகளால் தாங்க முடியாது.

ஹெல்மெட்டில் எனக்கு ஆத்திரம் வருவது அதைப் போடாதவர்கள் மேல் அல்ல, போட்டுவிட்டு வாரை மாட்டாதவர்கள் மேல்தான். வாங்கிய காசு, சுமந்த பாரம் எல்லாம் போக, விழும்போது முதலில் பறப்பது ஹெல்மெட்தான்.

தூக்கம் வேறு ரகம். ஒருமுறை விடியற்காலை நாலு மணிவாக்கில் நான் ஓட்டிக்கொண்டிருந்தேன். கண் மூடிய ஞாபகமே இல்லை. சாலை ஓரத்துச் சரளைக்கல் டயருக்கடியில் கடகடவென்று சத்தம் போட்ட பிறகுதான், சாலையை விட்டு இறங்கியிருக்கிறேன் என்பதே தெரிந்தது. 80-இல் போகும்போது நாலு நொடி கண் செருகினால் கிட்டத்தட்ட 90 மீட்டர் ஓட்டுநரே இல்லாத வண்டிதான். கண்ணாடியை இறக்குவது, பாட்டைச் சத்தமாக வைப்பது எல்லாம் அதற்கு முன் நான் செய்து பார்த்தவை. அவற்றால் தூக்கம் போகவில்லை. பாதுகாப்பான இடத்தில் நிறுத்தி இருபது நிமிஷம் தூங்கியதுதான் என்னைக் காப்பாற்றியது. கொட்டாவி அடுத்தடுத்து வருகிறதா, கடந்து வந்த கடைசி சில கிலோமீட்டர் ஞாபகம் இல்லையா, அப்போதே நிறுத்திவிட வேண்டும்.

அப்புறம் போன். 60-இல் இரண்டு நொடி திரையைப் பார்த்தால் 33 மீட்டர் கண்ணைக் கட்டிக்கொண்டு ஓட்டியதாக அர்த்தம். காதில் மாட்டிப் பேசினால் பரவாயில்லை என்று நினைப்பதும் தவறு. கை ஸ்டியரிங்கில் இருக்கும், புத்தி மறுமுனையில் இருக்கும். பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர், குறுக்கே ஒரு லாரி வந்தால் பேச்சை நிறுத்திவிடுவார். போனின் மறுமுனையில் பேசுபவருக்கு லாரி தெரியாது.

அதனால் இந்தத் தவறில் கூப்பிடுகிறவருக்கும் பங்குண்டு. 'எங்க வந்துக்கிட்டு இருக்க?' என்று அடிக்கடி கேட்கிற வீட்டுக்காரர்கள், 'வண்டி ஓட்டுறியா?' என்று முதலில் கேட்டுவிட்டு, ஆமாம் என்றால் வைத்துவிடலாம்.