'டேக் இட் லையிங் டவுன்': எங்கே, எப்படிச் சொல்வது?

அநியாயம் நடந்தும் எதிர்த்துப் பேசாமல் பொறுத்துப்போவதை ஆங்கிலத்தில் 'டேக் இட் லையிங் டவுன்' என்பார்கள். பெரும்பாலும் மறுப்போடுதான் வரும்: 'ஐ வோன்ட் டேக் திஸ் லையிங் டவுன்', அதாவது 'இதைச் சும்மா விடமாட்டேன்'. ஆட்குறைப்பு என்றதும் தொழிற்சங்கத் தலைவர் சொல்வது இது. பலர் 'லேயிங்' என்று எழுதிவிடுகிறார்கள், 'லையிங்'தான் சரி. படுத்திருப்பது 'லை', ஒரு பொருளைக் கீழே வைப்பது 'லே'.

இன்னொன்று, இது மோதலுக்குத் தயாரான தொனி. சம்பளத்தில் தவறாகப் பிடித்துவிட்டால் கேட்கத் தயங்கவே வேண்டாம். ஆனால் மேலாளருக்குப் போகும் முதல் மின்னஞ்சலில் இது வேண்டாம். எந்த மாதம், எவ்வளவு தொகை, எந்த விதிப்படி என்று மட்டும் கேளுங்கள். பதிலே வராவிட்டால், அப்புறம் தாராளமாக எழுதலாம்.