லோடு சைக்கிளில் அகல டயர்: காசு போன பிறகு தெரியவரும் தவறுகள்

காசிமேட்டிலிருந்து எண்ணூர் விரைவுச் சாலையைப் பிடித்துத் திருவொற்றியூர் வரை ஒருமுறை லோடு ஏற்றிய சைக்கிளை ஓட்டிப் பாருங்கள். அகல டயர் ஆசை தானாக வரும். துறைமுகத்துக்குப் போகும் கன்டெய்னர் லாரிகள் தாரை அழுத்தி அழுத்தி வரப்பு மாதிரி ஆக்கி வைத்திருக்கும். பயந்து ஓரத்தில் ஒதுங்கினால் அங்கே மணல். மெல்லிய டயர் மணலில் புதையும், பள்ளத்தில் ரிம் இடிக்கும். அகல டயர் இரண்டையும் தாங்கும். அதனால் ஆசை தப்பில்லை. போகிற வழிதான் தப்பாகிவிடுகிறது: முதலில் டயரை வாங்கிவிட்டு, அப்புறம் சைக்கிளில் அதற்கு இடம் தேடுகிறோம்.

என்னுடையது பின்பக்கம் நீளமான, 20 அங்குலச் சக்கரம் போட்ட சரக்கு சைக்கிள். மளிகைச் சாமானும் 20 லிட்டர் தண்ணீர் கேனும்தான் பெரும்பாலும் ஏற்றுவேன். நாலு கேன் வைத்தால் 80 கிலோவைத் தாண்டிவிடும். இரண்டு வருடம் முன்பு 47 மி.மீ. டயரைக் கழற்றிவிட்டு 60 மி.மீ. டயர் போட்டேன். வீட்டு வாசலில் சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன், எங்கேயும் உரசவில்லை. சந்தோஷமாகக் கிளம்பினேன். மூன்றாவது நாள் கழுவும்போது பார்த்தால், பின் டயரின் இடது பக்கச் சுவரில் நகத்தால் கீறியது போல் ஒரு கோடு, சுற்றளவு முழுக்க ஓடியிருந்தது. விரலை வைத்தால் உள்ளே நூல் தட்டுப்பட்டது. ஃபிரேம் குழாயின் உட்பக்கம் அதே உயரத்தில் பெயின்ட் போய் இரும்பு பளபளத்தது.

ஆளில்லாமல், லோடு இல்லாமல் நிற்கும் சைக்கிளில் சக்கரம் நேராகச் சுற்றும். நாலு கேனை ஏற்றி வேகத்தடையில் சாய்ந்து இறங்கும்போது ரிம் வளையும், ஆக்சில் அசையும், டயர் பக்கவாட்டில் பிதுங்கும். அதற்கெல்லாம் இடம் வேண்டும். டயருக்கும் ஃபிரேமுக்கும் நடுவில் ஒவ்வொரு பக்கமும் 6 மி.மீ. குறையாமல் இருக்கட்டும். லோடு சைக்கிளுக்கு நான் 8 மி.மீ. பார்ப்பேன். அளப்பதற்குக் கருவி எதுவும் வேண்டாம். 6 மி.மீ. ஆலன் சாவி எல்லாக் கடையிலும் இருக்கும், அது இடைவெளியில் தடையில்லாமல் சுற்றி வருகிறதா என்று பார்த்தால் போதும். அதைவிட நல்ல சோதனை ஒன்றை வண்ணாரப்பேட்டையில் பெண்டு எடுக்கும் பெரியவர் ஒருவர் சொல்லிக் கொடுத்தார். "தம்பி, குழாய்க்கு உட்பக்கம் சாக்பீஸைத் தேய்ச்சு விடு. லோடை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போய்ட்டு வா. சாக்பீஸ் அழிஞ்சிருந்தா அந்த டயர் உன் வண்டிக்கு இல்ல." இதை டயர் வாங்குவதற்கு முன்னால் தெரிந்துகொண்டிருந்தால் எனக்கு ஒரு டயர் மிச்சமாகியிருக்கும்.

இடைவெளியை ஓர் இடத்தில் மட்டும் அளப்பதும் தவறுதான். பின்பக்கம் பெடல் அச்சுக்கு அருகே குழாய்கள் நெருங்கும் இடம், இரண்டு குழாயையும் குறுக்கே இணைக்கும் பிரேக் பாலம், மட்கார்டின் உட்பக்கம், முன் ஃபோர்க்கின் தலை, எல்லாவற்றையும் பார்க்க வேண்டும். செயினையும் மறக்காதீர்கள். கியர் வைத்த வண்டியில் செயின் முன்னால் உட்பக்கச் சிறிய பல்சக்கரத்திலும் பின்னால் பெரிய பல்சக்கரத்திலும் இருக்கும்போது டயரை ஒட்டிப் போகும். 100 மி.மீ. அகல டயர் போட்ட ஃபேட் பைக்கைப் பார்த்துவிட்டு அதே மாதிரி ஆசைப்படுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். அந்த வண்டிகளில் பெடல் அச்சுக் குழாயே 100 மி.மீ. அகலம், பின் ஹப், அதாவது சக்கரத்தின் நடு உருளை, 170 மி.மீ.க்கும் மேல். சாதாரண வண்டியில் அச்சுக் குழாய் 68 அல்லது 73 மி.மீ., பின் ஹப் பெரும்பாலும் 135 மி.மீ. ஃபிரேமே வேறு. பட்டறையில் குழாயைத் தட்டி அகலப்படுத்தி இதைச் சரிக்கட்ட முடியாது. தட்டிய ஃபிரேமில் 80 கிலோ ஏற்றுவது ஆபத்து.

சரி, இடம் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அடுத்துக் கடைக்குப் போய் "26 அங்குல டயர் கொடுங்க" என்று கேட்பீர்கள். பாதிக் குழப்பம் இங்கேதான். 26 அங்குலம் என்ற ஒரே பெயரில் பல அளவுகள் உண்டு. 26×1.5 என்று புள்ளி வைத்து எழுதிய டயர் உட்காரும் ரிம்மின் விட்டம் 559 மி.மீ. 26×1½ என்று பின்னமாக எழுதியது 584 மி.மீ. 26×1⅜ என்றால் 590 மி.மீ. பள்ளிக்கூடக் கணக்கில் ஒன்று புள்ளி ஐந்தும் ஒன்றரையும் ஒன்றுதான், சைக்கிள் டயரில் அவை 25 மி.மீ. தள்ளி நிற்கும். நம்மூரில் பால்காரரும் மீன்காரரும் ஓட்டும் பழைய கம்பி பிரேக் சைக்கிளின் 28×1½ டயர் 635 மி.மீ. ரிம்முக்கானது. 622 மி.மீ. ரிம்முக்கு வரும் அகல டயர் அதில் ஏறவே ஏறாது. 20 அங்குலத்திலும் 406, 451 என்று வெவ்வேறு அளவுகள் உண்டு.

அங்குலத்தை மறந்துவிட்டு டயரின் பக்கச் சுவரைத் தடவிப் பாருங்கள். 57-406 என்பது போல் இரண்டு எண் புடைத்திருக்கும். முதல் எண் அகலம், இரண்டாவது ரிம்மில் உட்காரும் விட்டம், இரண்டும் மி.மீ. இரண்டாவது எண் உங்கள் பழைய டயரில் இருப்பதோடு அப்படியே ஒத்துப்போக வேண்டும். ஒரு மில்லிமீட்டர்கூட விட்டுக்கொடுக்க முடியாத எண் அது. முதல் எண்ணில்தான் நமக்குச் சுதந்திரம்.

அந்தச் சுதந்திரத்துக்கும் எல்லை போடுவது ரிம். ரிம்மின் அகலத்தை வெளிப்பக்கம் அளப்பவர்கள் நிறைய. அளக்க வேண்டியது உள்ளே, இரண்டு சுவருக்கும் நடுவில். ஏறக்குறையச் சரியான கணக்கு இது: டயர் அகலம், ரிம் உள்ளகலத்தைப் போல் ஒன்றரை மடங்கிலிருந்து இரண்டேகால் மடங்குக்குள் இருக்கட்டும். 60 மி.மீ. டயருக்கு 27 முதல் 40 மி.மீ. வரை உள்ளகலம் உள்ள ரிம் பொருந்தும். 19 மி.மீ. ரிம்மிலும் அதே டயர் ஏறிவிடும், காற்றும் பிடிக்கும். ஆனால் பலூனைக் கழுத்தில் பிடித்த மாதிரி இருக்கும். தண்டையார்பேட்டை மேம்பாலம் இறங்கும்போது பின்பக்கம் வால் ஆட்டுவது போல் தோன்றும், ஹேண்டில் சொன்ன பேச்சைக் கேட்காது. காற்றைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று கூட்டுவோம், அப்படிக் கூட்டினால் அகல டயர் போட்ட பயனே போய்விடும். நேர்மாறான தவறும் உண்டு. அகல ரிம் கிடைத்தது என்று பழைய மெல்லிய டயரையே அதில் மாட்டினால் டயர் தட்டையாக விரிந்து, பள்ளத்தில் ரிம்மின் விளிம்பு நேராக அடி வாங்கும். இன்னொன்று: ரிம் 5 மி.மீ. அகலமானால் அதே டயரே சுமார் 2 மி.மீ. விரிந்து உட்காரும். முன்னே அளந்த இடைவெளிக் கணக்கில் அதையும் சேர்க்க வேண்டும்.

ரிம் மாற்றினால் போக்ஸ் கம்பியும் மாறும். "அதே 36 ஓட்டைதானே, பழைய கம்பியையே போட்டுக்கலாம்" என்பது மிகப் பரவலான தவறு. கம்பியை ரிம்மோடு இறுக்கும் சின்ன நட்டுதான் நிப்பிள், அது உட்காரும் இடத்தின் விட்டம் ரிம்முக்கு ரிம் வேறுபடும். கம்பி 3 மி.மீ. நீளமாகிவிட்டால் நிப்பிளைத் தாண்டி உள்ளே நீட்டி ட்யூபைக் குத்தும். குட்டையாகிவிட்டால் நிப்பிள் ஒன்றிரண்டு மரையில் மட்டும் பிடித்து, லோடு ஏறியதும் உடையும். புது ரிம்மை அளந்து புதுக் கம்பி வெட்டச் சொல்லுங்கள். பின் சக்கரத்துக்கு 2 மி.மீ. கம்பிக்குப் பதில் 2.3 மி.மீ. கம்பி போட்டால் நல்லது, ஹப் ஓட்டை அதை ஏற்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும். கடலோரத்தில் ஓட்டுகிறவர்கள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியும் பித்தளை நிப்பிளும் கேட்டு வாங்குங்கள். காசிமேட்டில் மீன் பெட்டியிலிருந்து ஒழுகும் உப்புத் தண்ணீர் நேராகச் சக்கரத்தில்தான் விழுகிறது. அலுமினிய நிப்பிள் அந்த உப்பில் பூத்துப்போய் ரிம்மோடு இறுகிவிடும், அப்புறம் பெண்டு எடுக்கவே முடியாது.

ரிம் டேப்பும் ட்யூபும் சின்னச் சாமான்கள், ஆனால் பல பஞ்சர்கள் இவற்றால் வருகின்றன. டேப், ரிம்மின் உள்ளே கம்பி வரும் எல்லா ஓட்டையையும் மூடும் அகலத்தில் இருக்க வேண்டும். ட்யூபில் 1.75 முதல் 2.125 வரை என்று போட்டிருந்தால் அதை 2.4 அங்குல டயருக்குள் ஊதாதீர்கள், ரப்பர் மெலிந்து வால்வு அடியில் கிழியும். ரிம் ஓட்டை பெரிதாகவும் வால்வு மெல்லியதாகவும் இருந்தாலும் அதே இடத்தில்தான் கிழிசல்.

பிரேக் விஷயத்தில் எனக்குப் பொறுமை கிடையாது, ஏனென்றால் இதில் தவறு செய்தால் அடிபடுவது நாம் மட்டுமில்லை. கம்பி பிரேக் சைக்கிளில் பிரேக் கட்டை ரிம்மின் உட்பக்கத்தை மேல்நோக்கி இழுத்துப் பிடிக்கும். அதற்கென்றே வளைத்த இரும்பு ரிம் அது. பளபளப்பாக இருக்கிறது என்று அந்த இடத்தில் அலுமினிய அகல ரிம் போட்டவர்கள் உண்டு. கட்டை பிடிக்க அதில் இடமே இல்லை. கேபிள் பிரேக்கில், ரிம் அகலமானதும் பிரேக்கின் இரண்டு கைகளும் வெளிப்பக்கம் சாய்ந்து பிடிமானம் குறையும். சில கிளிப் பிரேக்குகளில் ஊதிய டயர் நுழையவே நுழையாது. டிஸ்க் பிரேக் ஹப்பில் பிடிப்பதால் ரிம் அகலம் அதைப் பாதிக்காது. அகல ரிம்முக்குப் போக முடிவு செய்தால், சேர்த்து வைத்த காசில் முதல் பங்கு பிரேக்குக்குப் போகட்டும்.

காற்றைப் பற்றியும் ஒரு வார்த்தை. அகல டயரில் அதே அழுத்தம் வைத்தால் டயர் சுவரிலும் ரிம்மிலும் இழுவை கூடும். 47 மி.மீ. டயரில் 60 பி.எஸ்.ஐ. வைத்தபோது சுவரில் இருந்த இழுவை, 60 மி.மீ. டயரில் 47 பி.எஸ்.ஐ.யிலேயே வந்துவிடும். கட்டைவிரலால் அமுக்கி "கல்லு மாதிரி இருக்கணும்" என்று ஊதினால் ரிம் ஓரம் விரிசல் விடும். பெட்ரோல் பங்க் குழாயில் பிடிப்பதும் வேண்டாம், அது காருக்கு ஊதும் வேகம். அளவு காட்டும் கைப்பம்ப் ஒன்று வாங்கிவிடுங்கள். அதே சமயம், அகலமான டயர் என்பதாலேயே அதிகம் தாங்கும் என்று நினைக்காதீர்கள். மலைப்பாதையில் ஓட்ட வந்த மெல்லிய சுவர் டயர்களும் அகலமாகத்தான் இருக்கும். பக்கச் சுவரில் அதிகபட்ச எடை போட்டிருந்தால் அதைப் படியுங்கள். வண்டி 35, ஆள் 70, சரக்கு 90 என்றால் மொத்தம் 195 கிலோ. பின்னால் லோடு வைக்கும் வண்டியில் அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 130 கிலோ, பின் டயர் ஒன்றின் மேல் இருக்கும்.

மழைக்காலத்தில் வியாசர்பாடிப் பக்கம் தண்ணீர் தேங்கி வடிந்த தெருக்களில் போகிறவர்கள் மட்கார்டு இடைவெளியை இன்னும் தாராளமாக விட வேண்டும். வடிந்த பிறகு மிஞ்சும் சேறு டயரோடு மேலே ஏறி அங்கேதான் அடைத்துக்கொள்ளும்.

கடைசியாக, யாரும் சொல்லித் தராத ஒன்று, ஸ்டாண்ட். 47-க்குப் பதில் 60 போட்டால் 406 ரிம்மில் சக்கர விட்டம் 500-லிருந்து 526 மி.மீ. ஆகும். பெடல் 5 சதவீதம் கனக்கும், அது பழகிவிடும். ஆனால் வண்டி 13 மி.மீ. உயர்ந்துவிடும், ஸ்டாண்ட் பழைய நீளத்திலேயே இருக்கும். முன்பு பின் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கிப் பிடித்த ஸ்டாண்ட் இப்போது பேருக்கு நிற்கும். ஒரு பக்கம் இரண்டு கேன் வைத்துவிட்டு மறுபக்கம் வைக்கத் திரும்புவதற்குள் வண்டி உருண்டு சாய்ந்துவிடும். எனக்கு அப்படித்தான் ஒரு வீட்டு வாசலில் ஆனது. பக்கத்தில் ஒரு குழந்தை விளையாடிக்கொண்டிருந்தது, நல்லவேளை, கேன் அந்தப் பக்கம் விழவில்லை. மறுநாளே வெல்டிங் பட்டறையில் ஸ்டாண்டின் இரண்டு காலிலும் 15 மி.மீ. துண்டு வைத்துப் பற்றவைத்தேன்.

எல்லாம் மாட்டிய பிறகு முதல் 50 கிலோமீட்டர் பாதி லோடிலேயே ஓட்டுங்கள். புதுக் கம்பிகள் இடத்தில் உட்கார்ந்து தளரும். பெண்டு எடுப்பவரிடம் சக்கரத்தை மறுபடி காட்டி இறுக்கிக்கொண்டு, அச்சு நட்டுகளையும் பார்த்துவிட்டு, அப்புறம் நாலாவது கேனை ஏற்றலாம்.