பிள்ளைகளைச் சிவன் கோயிலுக்கு அழைத்துப் போகும்போது

ஏழு முதல் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகளுக்குப் பதி (இறைவன்), பசு (உயிர்), பாசம் (உயிரைக் கட்டும் 'நான்', 'எனது' போன்ற தளை) என்று கரும்பலகையில் எழுதிப் போட்டால் ஒன்றும் ஏறாது. கோயிலிலேயே நிற்க வைத்துச் சொன்னால் ஏறும். ஒரு பெரியவருக்கு ஐந்தாறு பிள்ளைகளுக்கு மேல் வேண்டாம். பெரும்பாலான கோயில்களில் உச்சிக்காலத்துக்குப் பின் நடை சாத்தி, மாலையில்தான் திறப்பார்கள்; நேரத்தை முதல்நாளே கேட்டுக்கொள்ளுங்கள். பிரதோஷத்தன்று போகாதீர்கள், கூட்டத்தில் எதையும் காட்ட முடியாது.

கோபுரத்தைக் கும்பிட்டு உள்ளே போனதும் முதலில் பிள்ளையார். இரண்டு கையையும் முட்டியாகப் பிடித்து நெற்றியில் மூன்று முறை குட்டிக்கொள்ள வேண்டும். பிறகு இடக்கையால் வலக்காதையும் வலக்கையால் இடக்காதையும் பிடித்தபடி மூன்று தோப்புக்கரணம். அதே பக்கத்துக் கையால் அதே பக்கத்துக் காதைப் பிடிக்கும் பிள்ளை கட்டாயம் ஒன்று இருக்கும். எதிரே நின்று செய்து காட்டினால் கண்ணாடி பார்த்ததுபோல் குழம்புவார்கள். பக்கத்தில் நின்று காட்டுங்கள்.

அடுத்து கொடிமரம், பலிபீடம், நந்தி. 'நான்', 'எனது' என்பதைப் பலிபீடத்தில் விட்டுவிட்டு உள்ளே போகிறோம் என்று சொல்லுங்கள். நந்தி கண்ணெடுக்காமல் லிங்கத்தையே பார்த்துக்கொண்டிருப்பது உயிர் இறைவனைப் பார்க்கும் பார்வை. நந்தி பசு, லிங்கம் பதி, பலிபீடத்தில் விட்டது பாசம்; மூன்றும் இப்போது எதிரிலேயே இருக்கின்றன. நந்திக்கும் சுவாமிக்கும் நடுவே புகுந்து போகக் கூடாது என்பதற்கும் இங்கேயே காரணம் கிடைத்துவிடுகிறது.

சந்நிதியில் திரை போட்டிருந்தால் காத்திருங்கள். தீபாராதனை ஆனதும், "எரிந்து முடிந்த கற்பூரம் தட்டில் எதை மிச்சம் வைத்தது?" என்று கேளுங்கள். பதிலை அவர்களே சொல்லட்டும்.

விபூதியை இடக்கையின் மேல் வலக்கை வைத்து வாங்க வேண்டும். அண்ணாந்து, 'சிவசிவ' என்று சொல்லி, ஆட்காட்டி, நடு, மோதிர விரல்களால் பூசுவது முறை. கீழே சிந்தக் கூடாது, ஊதிவிடவும் கூடாது. மிச்சத்தைத் தூணில் கொட்டுவதைப் பெரியவர்களைப் பார்த்துத்தான் கற்றுக்கொள்கிறார்கள். ஒவ்வொரு தூணின் அடியிலும் விபூதியும் குங்குமமும் குழைந்து கிடப்பது அதனால்தான். ஆளுக்கொரு காகிதத் துண்டு கொடுத்து மடித்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

சந்நிதி எப்போதும் வலக்கைப் பக்கம் இருந்தால் சரியாக வலம் வருகிறோம் என்று பொருள். குறைந்தது மூன்று சுற்று. கிழக்கு பார்த்த கோயிலில் தெற்குச் சுவரில் தட்சிணாமூர்த்தி, பின்புறம் லிங்கோத்பவர், வடக்கே துர்க்கை என்று வரிசையாக வருவார்கள்.

வடபுறத்தில் சண்டிகேசுவரர். கூட்டமாகப் பிழை நடக்கும் இடம் இதுதான். அவருக்குக் காது கேட்காது என்று யாரோ சொல்லிவைத்த கதையை நம்பிப் பலரும் ஓங்கிக் கைதட்டுகிறார்கள், சிலர் சொடக்குப் போடுகிறார்கள், ஆடையிலிருந்து நூல் பிய்த்துப் போடுகிறார்கள். அவரோ தியானத்தில் இருப்பவர். சிவபூசைப் பாலைக் காலால் இடறிய தந்தையின் காலையே வெட்டிய சேய்ஞலூர்ப் பிள்ளை அவர். இறைவன் சூடிய மாலைக்கும் உண்ட அமுதுக்கும் உரிமை அவருக்கே என்பது பெரியபுராணக் கதை. 'சிவன் சொத்து எதையும் எடுத்துப்போகவில்லை' என்று கையைக் காட்டுவதே அங்கே நடப்பது. மெல்லத் தட்டினால் போதும்.

விழுந்து கும்பிடுவது கொடிமரத்தின் அருகில் மட்டும். ஆண்பிள்ளைகளுக்கு அட்டாங்கம்: தலை, இரு கை, இரு காது, மோவாய், இரு தோள் நிலத்தில் பட வேண்டும். பெண்பிள்ளைகளுக்குப் பஞ்சாங்கம்: தலை, இரு கை, இரு முழங்கால். சந்நிதி கிழக்கோ மேற்கோ பார்த்திருந்தால் தலை வடக்கே. மயிலாப்பூர் கபாலீசுவரர் மேற்கு பார்த்தவர், அங்கேயும் வடக்குதான். தெற்கு, வடக்கு பார்த்த சந்நிதியானால் தலை கிழக்கே. எந்தச் சந்நிதிப் பக்கமும் கால் நீளாமல் இருக்கத்தான் இந்த ஏற்பாடு.

கிளம்புமுன் வடக்கு நோக்கி உட்காரவைத்து, 'நமசிவாய' பதினொரு முறை. 108 என்று ஆரம்பித்தால் இருபதுக்குள் ஒருவரை ஒருவர் கிள்ள ஆரம்பித்துவிடுவார்கள்.