பன்னிரு திருமுறை அட்டைகள்: தரம் 10 சைவநெறி வகுப்புக்கு

ஐந்து பேர் கொண்ட குழுவுக்கு திருமுறைக்கு (சைவத் தமிழ்ப் பாடல் தொகுப்பு) ஒன்றாக, 5 செ.மீ. அகலத்தில் 12 எண் அட்டைகள் வெட்டுங்கள். பாடியவர் பெயர் அட்டைகள் 8 போதும். சம்பந்தருக்கும் அப்பருக்கும் மட்டும் 15 செ.மீ.; ஆளுக்கு மூன்று திருமுறை அல்லவா? ஒன்பதாம் திருமுறைக்கு ‘ஒன்பதின்மர்’, பதினொன்றுக்கு ‘பன்னிருவர்’.

அடுக்கியதும், தேவாரத்தைச் (சம்பந்தர், அப்பர், சுந்தரர் பாடிய திருமுறைகள்) சுற்றிக் கயிறு வைக்கச் சொல்லுங்கள். பிசகுவது இங்கேதான். இம்மூவரோடு மாணிக்கவாசகரையும் சேர்த்து ‘நால்வர்’ என்று மனப்பாடம் செய்தவர்கள் எட்டுவரை இழுத்துவிடுவார்கள். கயிறு ஏழோடு நிற்க வேண்டும். எட்டில் உள்ளவை மாணிக்கவாசகர் பாடிய திருவாசகமும் திருக்கோவையாரும்; அவை தேவாரம் அல்ல.

பிறகு தேவாரத்தில் பாடப்பட்ட ஈழத்துத் தலங்கள்: கோணமலை என்று எழுதிய துண்டு மூன்றாம் எண் அட்டையில். திருக்கேதீச்சரத்துக்கு இரண்டு துண்டு கொடுங்கள், இரண்டிலும் ஏழிலும் வைக்க. ஒன்றே கொடுத்தால் சுந்தரர் பதிகம் விடுபட்டுப்போகும்.