திரைக்கும் குழந்தைக்கும் இடையில் பெரியவர்கள் இருப்பது எப்படி

குழந்தை ஒரு நாளில் எத்தனை மணி நேரம் திரை பார்க்கிறது என்று கணக்கெடுப்பதற்கு முன்னால், அதன் கண்ணிலும் காதிலும் என்னென்ன விழுகின்றன என்பதை ஒரு வாரம் கூர்ந்து கவனியுங்கள். கார்ட்டூன் அலைவரிசையை மட்டும் கணக்கில் கொண்டால் போதாது. பாட்டி பார்க்கும் மெகா தொடர், அப்பா பார்க்கும் செய்தி விவாதம், கிரிக்கெட் ஆட்டத்தின் நடுவே வரும் விளம்பரம், மாமாவின் கைப்பேசியில் ஒன்றன்பின் ஒன்றாக ஓடும் குறுங்காணொளிகள் ஆகிய அனைத்தும் அந்தப் பட்டியலில் இடம்பெற வேண்டும். பிறரிடம் எப்படிப் பேசுவது, கோபம் வந்தால் என்ன செய்வது, யார் அழகு, யாரைக் கேலி செய்யலாம், எதற்கு அஞ்ச வேண்டும் என்பவற்றைக் குழந்தை இவை எல்லாவற்றிலிருந்தும் எடுத்துக்கொள்கிறது. அதை எந்தப் பொருளில் எடுத்துக்கொள்கிறது என்பது, பக்கத்தில் இருக்கும் பெரியவர் என்ன சொல்கிறார், எதற்குச் சிரிக்கிறார் என்பதைப் பெரிதும் பொறுத்தது.

பார்த்துப் பழகும் இந்த இயல்பை உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆராய்ந்து 1961இல் வெளியிட்டார். காற்றடைத்த பொம்மை ஒன்றைப் பெரியவர் ஒருவர் அடித்துத் திட்டுவதைப் பார்த்த மழலையர் பள்ளிக் குழந்தைகள், பின்னர் அதே பொம்மையுடன் விடப்பட்டபோது அதே அடிகளையும் சொற்களையும் திரும்பச் செய்தார்கள். 1963இல் அக்காட்சியைப் படமாகக் காட்டியபோதும் விளைவு பெரிதாக மாறவில்லை. பெற்றோர் முக்கியமாக அறிய வேண்டியது 1965இல் வெளியான ஆய்வு. அடித்தவர் தண்டிக்கப்படுவதைப் பார்த்த குழந்தைகள் குறைவாகவே அடித்தார்கள். ஆனால் பரிசு தருகிறோம் என்றதும் பார்த்ததை அவர்களும் செய்துகாட்டினார்கள். குழந்தை செய்யவில்லை என்பதால் கற்கவில்லை என்று எண்ணிவிடக் கூடாது. மெகா தொடரில் நூற்றுக்கணக்கான பகுதிகள் சூழ்ச்சி செய்த பாத்திரத்துக்குக் கடைசி வாரத்தில் தண்டனை கிடைக்கிறதே, அது போதாதா என்று கேட்பவர்களுக்கு இதுவே பதில்.

2 வயதுக்கு உட்பட்ட குழந்தைக்குத் திரையால் ஆகக்கூடியது மிகக் குறைவு. குழந்தைகள் மொழி கற்கும் விதத்தை ஆராயும் பட்ரீசியா குல் குழுவினர் 2003இல் வெளியிட்ட ஆய்வில், 9 மாத அமெரிக்கக் குழந்தைகளுக்குச் சீன மொழியை ஒருவர் நேரில் பேசியும் படித்தும் காட்டியபோது அம்மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். அதே ஆளைக் காணொளியில் காட்டியபோது எதையும் கற்கவில்லை. 2 வயதுக்குள் திரை வேண்டாம், 2 முதல் 4 வயது வரை நாளொன்றுக்கு 1 மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 2019இல் பரிந்துரைத்தது. நம் வீடுகளில் இதை நடைமுறைப்படுத்தச் சரியான இடம் சோறூட்டும் வேளைதான். கைப்பேசியைப் பார்த்தபடி சாப்பிடும் குழந்தை, வாய் திறந்து மூடுகிறதே தவிர, பசி அடங்கியதைத் தானாக உணர்ந்து போதும் என்று சொல்லப் பழகுவதில்லை. பருப்புச் சோற்றை உருட்டி, ‘இது காக்காவுக்கு, இது பாப்பாவுக்கு’ என்று பேசிக்கொண்டே ஊட்டும்போது சோற்றோடு சொல்லும் உள்ளே போகிறது. முதல் சில நாள் குழந்தை அழும், குறைவாகச் சாப்பிடும். அதைத் தாங்கிக்கொள்ள வீட்டிலுள்ள அனைவரும் முன்கூட்டியே உடன்பட்டிருக்க வேண்டும்; ஒருவர் மறுக்க, இன்னொருவர் இரக்கப்பட்டுக் கைப்பேசியை நீட்டினால் பழக்கம் முன்னைவிட இறுகிவிடும்.

அடுத்தது, யாரும் பார்க்காமலே ஓடிக்கொண்டிருக்கும் தொலைக்காட்சி. 1 முதல் 3 வயது வரையிலான குழந்தைகள் விளையாடும் அறையில் பெரியவர்களுக்கான வினாடி வினா நிகழ்ச்சியை ஓடவிட்ட ஓர் ஆய்வில் (2008), அவர்கள் திரையை எப்போதாவதுதான் பார்த்தார்கள். ஆனாலும் ஒவ்வொரு பொம்மையுடனும் விளையாடிய நேரம் குறைந்தது, கவனமும் சிதறியது. மாலை தொடங்கி இரவு வரை தொடர்கள் வரிசையாக ஓடும் வீட்டில் என்ன செய்வது? நாள் முழுவதும் உழைத்த மாமியாரிடம் பெட்டியை அணையுங்கள் என்பது நியாயமன்று, நடக்கவும் நடக்காது. ‘அத்தை, இந்த ஒண்ணை நாம சேர்ந்து பார்ப்போம், மத்ததை நாளைக்கு இவன் ஸ்கூலுக்குப் போனதும் செயலியில போட்டுத் தரேன்’ என்று கேட்டுப் பாருங்கள். பெரும்பாலோர் இசைவார்கள்.

சேர்ந்து பார்க்கும் அந்த ஒன்றில்தான் உண்மையான வேலை இருக்கிறது. தொடரில் ஒரு பெண் பாலில் எதையோ கலக்கிறாள். ‘பாட்டி, அந்த அத்தை ஏன் அப்படிப் பண்றாங்க?’ என்று குழந்தை கேட்கிறது. ‘பேசாம பாரு’ என்றால் அங்கே கற்பித்தல் முழுவதும் தொடரின் கையில் போய்விடும். ‘அவளுக்குக் கோபம்டா கண்ணு. கோபம் வந்தா நேரா சொல்லணும், இப்படி ஒளிஞ்சு கெடுதல் பண்ணக் கூடாது. நீயா இருந்தா என்ன பண்ணுவே?’ என்று பாட்டி கேட்டால், அரை நிமிடத்தில் அக்காட்சியின் பொருளே மாறிவிடுகிறது. நகைச்சுவைக் காட்சியில் கறுப்பு நிறத்தையோ பருமனையோ கேலி செய்யும்போது நாம் சிரித்தால், நம் சிரிப்பையே குழந்தை அனுமதியாக எடுத்துக்கொள்ளும். மறுக்கும் பெண்ணைத் துரத்துவது காதலாகக் காட்டப்படும்போதும் வாய்திறந்து, ‘அவங்க வேண்டாம்னு சொல்லிட்டாங்களே’ என்று சொல்லியே ஆக வேண்டும். பையன்கள் இருக்கும் வீட்டில் இதை ஒருமுறைகூட விட்டுவிடக் கூடாது என்பது என் உறுதியான கருத்து.

விளம்பரம் தனியாகக் கவனிக்கத்தக்கது. ஏறத்தாழ 8 வயது வரை, விளம்பரம் நம்மை வாங்கவைக்கவே பேசுகிறது என்பதைக் குழந்தைகளால் சரியாகப் புரிந்துகொள்ள முடிவதில்லை என்று அமெரிக்க உளவியல் சங்கத்தின் குழு 2004இல் கூறியது. சுவீடனில் 12 வயதுக்கு உட்பட்டோரைக் குறிவைக்கும் தொலைக்காட்சி விளம்பரத்துக்கே தடை உண்டு. இந்தியாவில் 2022இல் வந்த மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் வழிகாட்டுதல்கள், தக்க ஆதாரமின்றி ஒரு பொருள் அறிவையோ உடல்திறனையோ வளர்க்கும் என்று குழந்தைகளிடம் சொல்வதைத் தடுக்கின்றன. மீறலாகத் தோன்றினால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யலாம். வீட்டில் செய்யக்கூடியது எளிது. சத்துப் பானப் பொட்டலத்தின் பின்புறம் 100 கிராமுக்கு எவ்வளவு சர்க்கரை என்று அச்சிட்டிருப்பார்கள். ஒரு தேக்கரண்டிக்கு ஏறத்தாழ 4 கிராம் என்று வைத்து, அவ்வளவு சர்க்கரையையும் குழந்தையையே ஒரு கிண்ணத்தில் அள்ளிப் போடச் சொல்லுங்கள். பொம்மைப் பெட்டியைப் பிரித்துக் காட்டும் காணொளிகளையும் ‘இதை யார் விற்கிறார்கள்?’ என்ற கேள்வியோடு பார்க்கப் பழக்குங்கள்.

விபத்து, வெள்ளம், வன்முறை குறித்த செய்திக் காட்சிகளைச் சிறு குழந்தைகள் முன் திரும்பத் திரும்ப ஓடவிடாதீர்கள். ஒரே காட்சி மறுபடி வரும்போது அது மீண்டும் நடப்பதாகவே அவர்கள் எண்ணக்கூடும். பள்ளி செல்லும் வயதினருக்குச் செய்தியை நீங்களே சுருக்கிச் சொல்லி, உதவிக்கு யார் யார் வந்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

வளரிளம் பருவத்தினரிடம் கட்டளை செல்லாது; இரவில் எல்லோருடைய கைப்பேசியும் கூடத்தில்தான் மின்னேற்றம் பெறும் என்ற விதி, அப்பா அம்மாவுக்கும் பொருந்தினால் மட்டுமே நிற்கும்.

ஓர் எச்சரிக்கை. 2 வயது கடந்தும் இரு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும், பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாத குழந்தையையும், பேசிய சொற்களை இழந்துவிட்ட குழந்தையையும் ‘டிவி பார்த்ததால்தான்’ என்று முடிவுகட்டி, திரையை நிறுத்திவிட்டு மாதக்கணக்கில் காத்திருக்காதீர்கள். குழந்தை மருத்துவரிடம் காட்டிச் செவித்திறனையும் வளர்ச்சியையும் சோதித்துவிடுங்கள். ராஷ்ட்ரிய பால் ஸ்வஸ்திய காரியக்ரம் என்ற அரசுத் திட்டத்தின்கீழ் மாவட்ட அளவிலான அரசு மருத்துவமனைகளில் இயங்கும் தொடக்கநிலை இடையீட்டு மையங்களில் இச்சோதனைகளைக் கட்டணமின்றிச் செய்துகொள்ளலாம்.